கல்லீரலுக்கு முன்னால்

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் ரத்தத்தில், புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைக் கவனிப்பதுதான் மருந்தாளுநராக என் அன்றாட வேலை. காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுப்போம். மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 நானோகிராம் இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. குறைந்தால் உடல் புதுச் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கும். கூடினால் அந்த மருந்தே அதைக் கெடுக்கும்.

வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஐந்து நாள் வயிற்றுப்போக்கோடு ஒரு விவசாயி வந்தார். மாதக்கணக்காக 7-ஐ ஒட்டியே இருந்த அளவு 19 ஆகியிருந்தது. வயிற்றுப்போக்கென்றால் மருந்தும் வெளியேறி அளவு குறையத்தானே வேண்டும்? மாத்திரையை இரண்டு முறை போட்டுவிட்டாரோ என்று சந்தேகப்பட்டேன். "இல்லை அம்மா, எண்ணித்தான் போடுகிறேன்" என்றார். நம்பாமல் அட்டையை வாங்கி நானே எண்ணினேன். கணக்குச் சரியாக இருந்தது. பக்கத்தில் நின்ற அவர் மனைவியின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை.

மருந்தைச் சிதைப்பது கல்லீரல் என்று படித்ததோடு நான் நின்றுவிட்டிருந்தேன். டாக்ரோலிமஸைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்னும் நொதி கல்லீரலில் ஏராளம். ஆனால் சிறுகுடலின் விரல்போன்ற உறிஞ்சிகளின் நுனிச் செல்களிலும் அது செறிந்திருக்கிறது. உள்ளே நுழைந்த மருந்தைக் குடலுக்கே திருப்பித் தள்ளும் புரதமும் அங்கேயே இருக்கிறது. விழுங்கியதில் சராசரியாகக் கால் பங்குதான் ரத்தத்தை எட்டுகிறது. வயிற்றுப்போக்கில் அந்த நுனிகள் சிதைந்தால், வழியில் அழிய வேண்டிய மருந்தும் ரத்தத்துக்குள் போய்விடும்.

குடலுக்கு இவ்வளவு பங்கா என்று தேடியபோது, 1991-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் செய்த ஆய்வு கண்ணில் பட்டது. கல்லீரல் மாற்று அறுவையின்போது, பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தும் இடைவெளியில், இரண்டு நோயாளிகளின் சிறுகுடலுக்குள், டாக்ரோலிமஸைப் போலவே இதே நொதியால் சிதையும் சைக்ளோஸ்போரின் மருந்தைச் செலுத்தினார்கள். உடலில் கல்லீரலே இல்லாத அந்த நேரத்திலும், குடலிலிருந்து வரும் ரத்தத்தில் சிதைந்த மருந்து இருந்தது. படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

விவசாயிக்கு மருந்தைக் குறைத்தோம். குடல் தேறியதும் பழைய அளவுக்கே திரும்ப வேண்டியிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "குடலும் மருந்தைத் தின்னுமா அம்மா?" என்று வியந்தார்.

இன்னொரு கவலையும் உண்டு. கிரேப்ஃப்ரூட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் சாறு குடலின் இந்த நொதியை முடக்கும்; வழக்கமாகக் குடிக்கும் அளவில் கல்லீரலின் நொதியை அநேகமாகத் தொடாது. புது நொதி உருவாக இரண்டு மூன்று நாள் ஆகும். நோயாளிகளுக்கான எங்கள் குறிப்பில் கிரேப்ஃப்ரூட் "திராட்சை" என்று மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. அதை நம்பிப் பலர் பச்சைத் திராட்சையை ஒதுக்கிவிட்டு, அதே தீங்கு செய்யக்கூடிய பம்பளிமாஸை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். புதுக் குறிப்பு அச்சாகி வரும்வரை ஒவ்வொரு தாளிலும் திராட்சையை அடித்துவிட்டுப் பம்பளிமாஸ் என்று கையால் எழுதிக் கொடுத்தேன்.