பெட்டிக்குள் இருக்கும் இழைப்புளி

கருவியை முழுதாகக் கொடுப்பது வேறு, கழட்டிக் கொடுப்பது வேறு. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அன்று தம்பியிடம் அதைச் சொன்ன விதம் சரியா என்று கேட்டால் பதில் ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

"அண்ணே, அந்தப் பெட்டியில இருக்கற 78 இழைப்புளியிலேர்ந்து நார் அறுக்கற ஸ்பரை மட்டும் கழட்டிக் கொடுங்க. வேலை முடிஞ்சதும் திருப்பிப் போட்டுடறேன்" என்றான்.

"வேணும்னா முழு இழைப்புளியையும் எடுத்துக்கோ. துண்டு துண்டா தர மாட்டேன்."

"என் கையில இருக்கற 78 தீட்டி, அளவு வச்சு, எல்லாம் தயாரா இருக்குண்ணே. ஸ்பர் மட்டும்தான் இல்ல."

"அப்ப கத்தியால கோடு கீறிட்டு இழை."

அவன் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தான். "இழைப்புளி பெட்டிக்குத்தானாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

எங்களிடம் ஸ்டான்லி கம்பெனியின் 78-ஆம் எண் இழைப்புளி இரண்டு. ஒன்று வேலை மேசையில் கிடப்பது, மற்றொன்று உதிரி எதுவும் குறையாமல் பெட்டியில் இருப்பது. பலகையின் ஓரத்தில் படிபோல் வெட்டி எடுக்க இதைவிட எளிய கருவி கிடையாது. நாரோடு இழைக்கும்போது ஸ்பர் தேவையில்லை. குறுக்கு நாரில் இழைத்தால்தான் அது வேண்டும். மூன்று இதழ் உள்ள சின்ன எஃகுத் துண்டு அது, விரல் நகத்தைவிடப் பெரிதில்லை. ஓர் இதழைக் கீழ்நோக்கித் திருப்பித் திருகை இறுக்கினால், அலகு வரும் முன்பே நாரை அறுத்துக்கொண்டு போகும். அது இல்லாவிட்டால் ஓரம் பிய்ந்து, படியின் தோள் முழுக்கச் சிராய் கிளம்பும். அன்று அவனுக்கு இருந்தது குறுக்கு நார் வேலை.

சரி, ஏன் மறுத்தேன்? மேசையில் கிடக்கும் 78-ம் ஒரு காலத்தில் முழுதாக இருந்ததுதான். முதலில் வெட்டும் ஆழத்தை நிறுத்தும் டெப்த் ஸ்டாப் போனது. அப்புறம் பலகை ஓரத்தோடு ஒட்டி ஓடி அகலத்தைக் காக்கும் தடுப்பான ஃபென்ஸைப் பிடிக்கும் கம்பி போய், வேறொன்று தேடிப் போட்டோம். அதன்பிறகு ஸ்பர். யாரும் திருடவில்லை, தூக்கி எறியவுமில்லை. ஒவ்வொன்றையும் "இப்ப திருப்பிப் போட்டுடறேன்" என்று சொல்லித்தான் கழட்டினார்கள். கழட்டிய துண்டு சட்டைப் பையிலோ சீவல் குவியலிலோ போய்ச் சேர்ந்தது. பழைய இழைப்புளி வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 78 என்றால் உடலும் அலகும் இருக்கும், ஃபென்ஸும் ஸ்டாப்பும் இருக்காது.

போனால் வேறு வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். ஸ்டான்லி தன் இழைப்புளிகளில் பல இடங்களில் தனக்கென்று ஒரு மரையை வைத்திருந்தது. பிடியையும் குமிழையும் இறுக்கும் திருகு 12-ஆம் எண், அங்குலத்துக்கு 20 மரை. வெளியே 12-ஆம் எண்ணில் கிடைப்பது 24 அல்லது 28 மரை. கையால் சுற்றும்போது முதல் சுற்று பிடிப்பதுபோல் தோன்றும். அதை நம்பி முறுக்கினால் வார்ப்பிரும்பில் இருக்கும் மரையே போய்விடும். திருகு தொலைந்தால் துளையும் ஆபத்தில்தான் இருக்கிறது.

இதனால்தான் என் முறை ஒன்றே ஒன்று: திருகை வைக்கச் சரியான இடம் அதன் சொந்தத் துளை. டப்பா வேண்டாம், கவர் வேண்டாம். இழைப்புளியைப் பிரித்து எண்ணெய் போட்டாலும், உள்ளே வைக்கும் முன் எல்லாத் திருகும் அதனதன் துளைக்குத் திரும்பிவிட வேண்டும். கம்பிகள் ஃபென்ஸிலேயே இருக்கட்டும். டெப்த் ஸ்டாப்பை மேலே ஏற்றி லேசாக இறுக்கி வைத்தால் போதும்.

ஸ்டான்லியின் 45-ஆம் எண் இழைப்புளியை இப்படி முழுசாகப் பூட்டி வைக்க முடியாது. 1880-களில் வந்த கருவி அது. நீளக் கம்பி, குட்டைக் கம்பி என்று இரண்டு ஜோடி, நகரும் பக்கப் பகுதி, ஃபென்ஸ், பீடிங் ஸ்டாப், பலகையைக் கீறிப் பிளக்கும் தனி அலகு, கூடவே இருபது சொச்சம் அலகுகள். 1897-ல் வந்த 55-ஆம் எண் இன்னும் மோசம், அலகு மட்டுமே 50-க்கு மேல். அவற்றை நான்கு தட்டைப் பெட்டிகளில் அடுக்கி விற்றார்கள். அந்தப் பெட்டிகளைச் செய்தவர் யாரோ, அவர்தான் இந்தக் கருவியைப் புரிந்துகொண்டவர் என்று நினைப்பேன். ஒவ்வோர் அலகுக்கும் தனி இடம் இருப்பதால் ஒன்று குறைந்தாலும் வெற்றிடம் கண்ணில் படும். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கொட்டினால் முனையோடு முனை மோதும். எது இல்லை என்பதும் தேவைப்படும் அன்றுதான் தெரியும்.

பெட்டிக்கு எந்த மரம் என்பதிலும் நான் பிடிவாதக்காரன். ஓக் மரத்திலிருந்து வரும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் இரும்பைத் துருவேற்றும். தோல் சுருளில் அலகை மாதக்கணக்கில் சுற்றி வைப்பதும் அப்படித்தான். தோல் பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்து எஃகில் புள்ளி புள்ளியாகத் துருவை உண்டாக்கும். நான் துணியில் மெல்லிய எண்ணெய் தொட்டு அலகின் இரு முகத்தையும் துடைத்து, துருத்தடுப்புத் தாளில் மடித்து வைக்கிறேன். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையும் உண்டு. ஆனால் அதைச் சூடாக்கி ஈரத்தை விரட்டாமல் விட்டால் கொஞ்ச நாளில் அது சும்மா கிடக்கும் மணல்தான்.

இத்தனையும் தம்பிக்குத் தெரியும், நானே சொல்லிக் கொடுத்தது. அவன் கேட்டது வேறு.

யோசித்துப் பார்த்தால் அவன் பக்கம் நியாயம் இருந்தது. கையில் இருந்த 78-ன் அலகை அவன் காலையில்தான் தீட்டியிருந்தான். ஃபென்ஸை அளவுக்கு நிறுத்தி, கழிவுத் துண்டில் ஓட்டியும் பார்த்துவிட்டான். முழு இழைப்புளியையும் எடுத்துக்கோ என்று நான் சொன்னது தாராளமாகத் தெரிந்தாலும், அதை எடுத்தால் அவன் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஸ்பரைக் கழட்டி மாட்ட அரை நிமிடம் ஆகாது. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

இதற்கு நான் சொல்லிக்கொள்ளும் சமாதானம் மர இழைப்புளிகள். குழிவும் குவிவுமாக எண்ணிட்ட ஜோடிகள் இருக்கின்றனவே, அவற்றின் அலகு ஒவ்வொன்றும் தன் உடலின் அடிவளைவுக்குத் தீட்டப்பட்டது, ஆப்பும் அந்த வாய்க்குச் செதுக்கியது. சுத்தம் செய்கிறேன் என்று யாரோ ஒருமுறை எல்லா அலகையும் ஆப்பையும் கழட்டி ஒரு தட்டில் குவித்துவிட்டார்கள். திரும்ப ஜோடி சேர்க்க நான் பட்ட பாடு! வளைவுக்கு வளைவு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆப்பின் தேய்மானத்தை வைத்து ஊகித்துத்தான் சேர்த்தேன். இரண்டு மூன்றில் எனக்கு இன்றும் நிச்சயமில்லை. ஆப்பைச் சற்றுத் தளர்த்தி உடலுக்குள்ளேயே விட்டு வைத்திருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. மரம் காய்ந்து சுருங்கும்போது உடலின் பக்கக் கன்னம் வெடிக்காமலும் இருக்கும்.

ஆனால் 78 அப்படியல்லவே என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கிறது. இரண்டும் ஒரே அச்சு, ஒரே ஸ்பர். அங்கே பொருத்தம் கெடுவதற்கு எதுவுமில்லை. மர இழைப்புளிக்குச் சரியான விதியை இரும்பு இழைப்புளிக்கும் பிடிவாதமாகப் போட்டேனோ? அல்லது விதி என்றால் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தால்தான் நிற்குமா? இதற்கு மட்டும் விலக்கு என்று ஆரம்பித்துத்தானே மேசை 78 இந்தக் கதிக்கு வந்தது.

அவன் நான் சொன்னபடியே கத்தியால் கோடு கீறி வேலையை முடித்தான். படியின் தோள் சுத்தமாக வந்திருந்தது. கத்திக்கோடு ஆழமாக விழுந்தால் ஸ்பரைவிட நன்றாக வரும், அது எனக்குத் தெரிந்ததுதான். பார்த்ததும் சந்தோஷப்பட்டேன், சொல்லவும் செய்தேன். அவன் தலையை ஆட்டினான்.

அப்புறம் அவன் மரத்தைக் குடையும் மின் கருவியான ரவுட்டர் பக்கம் போய்விட்டான். நாலு இழுப்பில் முடியும் படிக்குக்கூட ரவுட்டரைச் செருகி, தூசி உறிஞ்சியை ஓட்டி வேலை செய்கிறான். வேகத்துக்காகவா, என் பதிலாலா, தெரியவில்லை. கேட்டால் "இது சுலபம்ணே" என்பான். அது உண்மையாகவும் இருக்கலாம்.

இப்போது ஒவ்வொரு பெட்டி மூடிக்குள்ளும் உதிரிகளின் பட்டியலை ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஏதாவது வெளியே போனால் எடுத்தவர் பெயரும் எந்த இழைப்புளியில் மாட்டியிருக்கிறது என்பதும் அட்டையில் ஏற வேண்டும். அப்படியென்றால் உதிரி வெளியே போகலாம் என்று நானே ஒத்துக்கொண்டது போலத்தானே? ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. 78-ன் அட்டையில் ஸ்பர் என்ற வரிக்கு எதிரே கட்டம் வரைந்தபோது, எழுத இடம் போதுமா என்று பார்த்துக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. நாளைக்கு வேறொருவர் வந்து கேட்டால் முதலில் "முழுசா எடுத்துக்கோ" என்றுதான் சொல்வேன். தம்பியே வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.