ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைங்க

“கிட்னி நல்லா இருக்குங்களா?” வயிற்றில் இருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டார், பத்து வருடமாக பிரஷர் உள்ளவர். “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைங்க” என்றேன்.

பொய் இல்லை. வலது சிறுநீரகம் 10.1 செ.மீ., இடது 10.4. பெரியவர்களுக்கு 9 முதல் 12 வரை இயல்பு. கல் இல்லை, நீர்த்தேக்கம் இல்லை. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான கார்டெக்ஸும் பக்கத்துக் கல்லீரலைவிடக் கருப்பாகத்தான் தெரிந்தது; கெட்டால் அது வெளுக்கும்.

எட்டு மாதம் கழித்து அவர் மனைவி வந்தார். “நீங்க ஒண்ணும் இல்லைன்னு சொன்னதுல மாத்திரையையே நிறுத்திட்டாருங்க.”

பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். கல்லீரலில் கொழுப்பு. கொழுப்பு படிந்த கல்லீரல் ஸ்கேனில் வெளுப்பாகத் தெரியும். வெளுத்த கல்லீரலின் பக்கத்தில், வெளுக்கத் தொடங்கிய கார்டெக்ஸும் கருப்பாகவே தெரியும். இப்படிப்பட்டவரை வலப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, இடது சிறுநீரகத்தை மண்ணீரலோடு ஒரே படத்தில், ஒரே ஆழத்தில் பிடித்து ஒப்பிட வேண்டும். கார்டெக்ஸ் மண்ணீரலைவிட இருட்டாக இருக்க வேண்டும். இவருடைய இடது படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். படம் என் கையில் இருந்தது, பார்க்கவில்லை.

ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளரும் போடவில்லை. சீட்டில் வயிறு ஸ்கேன் என்றுதான் எழுதியிருந்தது. போட்டிருந்தால்? சிறுநீரகத்தின் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் உள் தமனிகளில் அலையைப் பிடித்து, ஒரு துடிப்பின் உச்ச வேகத்திலிருந்து அதன் கடைசி வேகத்தைக் கழித்து, உச்ச வேகத்தால் வகுத்தால் ரெசிஸ்டிவ் இண்டெக்ஸ் கிடைக்கும், ரத்த ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் எண். 0.70க்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். ஆனால் வயதானாலும் அது ஏறும், நாடித்துடிப்பு குறைந்தாலும் ஏறும். அதை மட்டும் வைத்து யாரையும் நோயாளி ஆக்க முடியாது. நீளமும் அப்படித்தான்: ப்ரோப் சற்றுச் சாய்ந்து முழு நீளம் அகப்படாமல் போனால் அரை சென்டிமீட்டர் குறைந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சிறுநீரகத் தமனி அடைப்பைத் தேட வேண்டும். அதை நான் விடுவதில்லை.

உண்மையில் அவர் கேள்விக்கான பதில் ஸ்கேனிலேயே இல்லை. பிரஷர் முதலில் கெடுப்பது நுண்தமனிகளின் சுவரை. சுவர் தடித்து, வழி குறுகி, வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகும். வெளி உருவம் வருடக்கணக்கில் மாறாது. சிறுநீரில் கசியும் புரதத்தைக் காட்டும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 30 மி.கி./கிராம் தாண்டுவது பெரும்பாலும் முந்திக்கொண்டு சொல்லிவிடும். இதை அவரிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். வெளியே காத்திருந்த வரிசையைக் காரணம் காட்டலாம். அதுவும் பொய் இல்லை.

மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். கார்டெக்ஸ் லேசாக வெளுத்திருப்பதை “கிரேடு 1 மாற்றம்” என்று ஒரு வரி எழுதியதும், கிட்னி போய்விட்டது என்று நினைத்து ஊர்மருந்து தேடிப் போனவர்கள் உண்டு. அந்தக் கிரேடு கண்ணால் போடுவது. ஒரே படத்துக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகப் போடுவார்கள்.

இப்போது கல்லீரல் கொழுப்பு இருந்தால், ஒப்பீடு நம்பத்தக்கதல்ல என்றும், சிறுநீர் ஆல்புமின் பார்க்கவும் என்றும் ரிப்போர்ட்டில் சேர்க்கிறேன். “அது எங்க வேலை” என்று, ஸ்கேனுக்கு அனுப்பும் சில மருத்துவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

நேற்று இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டார். “அளவு சரியா இருக்குங்க, ஆனா மாத்திரையை விடாதீங்க” என்றேன்.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். “அப்ப ஏதோ இருக்குங்களா?”