வழுக்கையாறு வற்றுவதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று பாடசாலையில் படித்துவிட்டு வந்த மகளிடம், மழைக்காலத்தில் மட்டும் ஓடுகின்ற ஓர் ஆறு எங்களுக்கும் உண்டு என்று சொன்ன மாலையில்தான் எங்கள் வீட்டின் இந்த வழக்கம் தொடங்கியது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கங்களில் சேரும் மழைநீர் கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக இறங்கி அராலியில் கடனீரேரியைச் சேருகின்ற வழுக்கையாறுதான் அது. எங்கள் மண்ணின் அடியில் இருப்பது சுண்ணக்கல் என்பதால் பெய்கின்ற மழையின் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. எஞ்சியது சில மாதங்கள் ஓடி, பின்னர் குட்டை குட்டையாக நின்று, கடைசியில் வெடித்த சேறாகிறது. அந்தக் குட்டைகளில் நிற்கும் சிறு மீன்களை வீட்டுத் தொட்டியில் வளர்க்கத் தேடித்தான் ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கல் முடிந்த பின்னர் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் குடும்பமாகப் போகிறோம்.

இந்த நாளைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கார்த்திகையிலும் மார்கழியிலும் வெள்ளம் கலங்கி ஓடும். மீன்கள் வாய்க்கால்கள், வயல்கள் எங்கும் பரவிவிடுவதால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளை அந்த நீரோட்டத்துக்கு அருகில் கொண்டுபோவதும் நல்லதல்ல. தை பிற்பாதியில் ஓட்டம் நின்று நீர் தெளியும்போது, மதகுகளின் அருகிலுள்ள பள்ளங்களில் மீன்கள் ஒன்றுசேர்ந்து நிற்கும். விராலும் குறவையும் காற்றையும் சுவாசிக்கக்கூடியவை. நீர் குறைந்தாலும் சேற்றோடு சேற்றாகச் சில காலம் தாக்குப்பிடிக்கும். சிறு கெண்டைகளுக்கு அந்த வசதி இல்லை. அவை கொக்குக்கு இரையாகும், அல்லது குட்டையோடு காய்ந்துபோகும். அதற்காக வாளி நிறைய அள்ளிவரலாம் என்று நான் சொல்லவில்லை. கொக்கும் அங்கே பசியோடுதான் நிற்கிறது.

முதலாம் ஆண்டு நான் அந்தத் தவறைச் செய்தேன். முப்பதுக்கும் மேற்பட்ட மீன்களை ஒரே வாளியில் இட்டு, மூடியை இறுக்கி, நண்பகல் வெயிலில் சைக்கிளில் கொண்டுவந்தேன்; வீடு வந்து சேர்ந்தபோது பாதிக்கு மேல் மிதந்தன. மகன் அன்று இரவு சாப்பிடவில்லை. அதன்பின் விடியற்காலையில் போய் எட்டு மணிக்குள் திரும்பிவிடுகிறோம். பத்து மீன்களுக்கு மேல் எடுப்பதில்லை. வாளியை மூடாமல் ஈரத் துவாயொன்றை மேலே விரிக்கிறோம்.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. கிழிந்துபோன நுளம்பு வலையில் ஒரு துண்டை வெட்டி, கம்பி வளையத்தில் தைத்துத் தந்தவர் என் மாமியார்; கடை வலையை விட அதன் கண் சிறியது, மீனின் செதிலும் உரியாது. இறப்பர் சப்பாத்து மட்டும் கட்டாயம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் சிலர் உயிரிழந்ததை நாங்கள் மறக்கவில்லை. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் காலிலுள்ள சிறு கீறல் வழியாகவே நோய்க்கிருமி உடலுக்குள் போய்விடும். ஆகையால் காயம் உள்ள பிள்ளை அன்று கரையில் இருந்து எண்ணுகின்ற வேலையைச் செய்யும். கெளிற்று மீன் வலையில் விழுந்தால் கையால் தொடாமல் அப்படியே கவிழ்த்துவிடுவோம். அதன் முள் குத்தினால் கடுக்கும்.

எங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, நீரின் மேற்பரப்பிலேயே திரியும் சுமார் 4 செ.மீ. நீளமான மீன், மேலிருந்து பார்க்கும்போது அதன் தலையில் வெள்ளிப் பொட்டொன்று மின்னும். அறிவியலில் அப்லோகைலஸ் பார்வஸ் என்று பெயர், எங்கள் வீட்டில் பொட்டு மீன். நுளம்புக் குடம்பிகளை இது தின்னும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மற்றது புண்டியஸ் விட்டாட்டஸ் என்னும் சிறு கெண்டை. வெள்ளி உடம்பு, வாலடியில் ஒரு கரும்புள்ளி, முதுகுச் செட்டையில் செம்மஞ்சள் ஓரமிட்ட கருங்கோடு. இந்தக் கோடு வாளியில் தெரியாது, தொட்டிக்குள் விட்டு ஒரு வாரம் சென்ற பின்னரே துலங்கும். அராலிப் பக்கம், உவர்நீர் கலக்கும் இடத்தில், மஞ்சள் உடம்பின் நடுவே கரும்புள்ளி உடைய தட்டையான மீன் ஒன்று உண்டு. அதன் குஞ்சுகள் தாய், தகப்பன் இருவரின் தோலிலும் ஊறும் சளியைக் கொத்தித் தின்று வளர்கின்றன. சோடி பிரிந்தால் குஞ்சுகள் பிழைப்பது அரிது என்பதனால் அதை நாங்கள் எடுப்பதில்லை, கரையில் குந்தியிருந்து பார்ப்பதோடு சரி.

ஒருமுறை பனையேறி மீன் ஒன்று அகப்பட்டது. 1791 இல் தரங்கம்பாடியில் டால்டோர்ஃப் என்னும் டேனியப் படை அதிகாரி இந்த மீனைப் பனையின் பட்டை இடுக்கொன்றில் கண்டதாக எழுதிவைத்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் இருவரும் பனைகளை அண்ணாந்து பார்த்தபடியே வந்தார்கள்.

கடையில் வாங்கும் மீனை விட்டு இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எங்கள் கிணற்று நீரே அதற்குப் பதில். தென்மேற்கு மலையடிவாரத்து ஓடைகளில் வாழும் செந்நிறக் கெண்டை ஒன்றை முன்பு ஆசையோடு வாங்கினேன். மென்மையான, சற்றுப் புளித்த நீருக்குப் பழகிய அந்த மீன்கள், சுண்ணாம்பு மிகுந்த எங்கள் கிணற்று நீரில் நிறம் வெளுத்து ஒவ்வொன்றாக இறந்தன. அத்தகைய ஓடை மீன்களில் பல இலங்கைக்கு மட்டுமே உரியவை. 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவற்றுட் சிலவற்றைப் பாதுகாக்கிறது. அவற்றை அவற்றின் ஓடையிலேயே போய்ப் பார்ப்பதுதான் முறை என்று இப்போது நினைக்கிறேன். வழுக்கையாற்றுக் கெண்டைக்கோ எங்கள் கிணறும் ஆறும் ஒரே கல்லில் ஊறிய நீர். இரண்டடித் தொட்டியில் சுமார் 55 லீட்டர் கிணற்று நீரை விட்டு, அதே குட்டையில் எடுத்த பாசியையும் இட்டால் போதும், வேறு மருந்து எதுவும் வேண்டியதில்லை. பொட்டு மீன் துள்ளும் பழக்கம் உடையது என்பதால் மேலே வலை மூடி மட்டும் அவசியம்.

இவ்வாண்டு நாங்கள் மதகடியில் நின்றபோது, வயலுக்கு வந்த முதியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, உது கறிக்கோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா, பிள்ளையள் வளர்க்கிறதுக்கு" என்றேன். வாளிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "உதுகளை முந்தி எங்கடை வயலுக்குள்ளை கையாலை அள்ளலாம். இப்ப மருந்தடிச்ச வயலிலை ஒண்டும் நிக்காது" என்று சொல்லி, தம்முடைய வயல் ஓரத்தில் மருந்து சேராத பழைய கேணி ஒன்று இருப்பதாகக் கைகாட்டினார். அந்தக் கேணியில் திலாப்பியாவையோ கப்பியையோ யாரும் விடவில்லை என்பதைக் கேட்டறிந்த பின்னரே எனக்கு மகிழ்ச்சி வந்தது. வேற்று மீன் புகுந்த நீரில் இந்தச் சிறியவை நெடுநாள் நிற்பதில்லை.

மாசியில் தொட்டிப் பாசியில் கடுகிலும் சிறிய, கண்ணாடி போன்ற முட்டைகள் ஒட்டியிருந்தன. மகள் அவற்றை வேறொரு போத்தலுக்கு மாற்றி வைத்தாள். இரண்டு வாரம் அளவில் ஏழு பொட்டு மீன் குஞ்சுகள் வெளிவந்தன. இவற்றோடு கடை மீன் எதையும் சேர்க்காததால் அவற்றின் நோய் ஆற்றுக்குப் போகாது என்று நம்பி, ஐப்பசி மழையில் ஆறு மறுபடி ஓடும்போது அந்த ஏழையும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எந்த மதகு என்பதை அவள் நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறாள்.