எண்ணூர்ச் சேற்றில் இரண்டு காலங்கள்

கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் முகத்துவாரம் போய்ச் சேர்ந்தேன். காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவர் தன் ஃபைபர் போட்டில் கொசஸ்தலை ஆற்றுக்குள் கூட்டிப்போனார். “செருப்ப போட்லயே வுட்டுடு தம்பி, கால் முட்டி வரிக்கும் போவும்” என்றார். போனது.

அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களுக்கு நடுவே ஒரு கை சேற்றை அள்ளினேன். மேலே விரற்கடை அளவு பழுப்பு. அதன் கீழே மை போன்ற கறுப்பு, அழுகிய முட்டை வாடை. அந்த ஆழத்துக்கு ஆக்ஸிஜன் எட்டாது. சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகின்றன, நாற்றம் அதனுடையது. மூக்கைப் பொத்தவைக்கும் இந்த மண்தான் மூலக்கூறு புதைபடிவங்களை, அதாவது பழைய உயிர்கள் விட்டுப்போன வேதிப்பொருள் தடயங்களை, பத்திரமாக வைத்திருக்கிறது. இலை மட்கி உருத்தெரியாமல் போனாலும் அதன் மேல்பூச்சான மெழுகு எளிதில் சிதையாது. நிலத்தாவர மெழுகில் 27, 29, 31 கார்பன் கொண்ட சங்கிலிகள் மிகுந்திருக்கும். அவற்றின் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை (எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதை) அளந்தால், அந்தக் காலத்தில் மரங்கள் அடர்ந்திருந்தனவா, வெப்பமண்டலப் புல்வெளி பரந்திருந்ததா என்று சொல்லலாம். கடலடிப் படிவுகளில் ஆல்கெனோன் என்ற பாசிக் கொழுப்பு கிடைக்கும். அது அன்றைய கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையே காட்டிக்கொடுக்கும்.

பக்கத்து மரத்தின் அடியில் இடுப்பளவு உயரத்தில் கறுப்பாக ஒரு பட்டை ஓடியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய். நகத்தால் சுரண்டினேன், தார் மாதிரி ஒட்டிக்கொண்டது.

“இது எங்கேந்து வந்த எண்ணெய்னு கண்டுபுடிக்க முடியுமா தம்பி?” என்று அண்ணன் கேட்டார்.

முடியும். கச்சா எண்ணெயில் ஹோப்பேன்கள் உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாக்டீரியாக்களின் செல் சவ்வில் இருந்தவற்றின் மிச்சம் அவை. வெயிலுக்கும் நுண்ணுயிர்களுக்கும் லேசில் மசியாதவை. எண்ணெய்க்கு எண்ணெய் அவற்றின் கலவை மாறுவதால், கறையையும் சந்தேகப்படும் எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். 1930-களில் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃப்ரெட் டிரைப்ஸ், பச்சையத்திலிருந்து வந்த போர்ஃபிரின்களைக் கச்சா எண்ணெயில் கண்டுபிடித்ததில் தொடங்கிய துறை இது. “அப்ப இது செத்துப்போன உசுருங்க எண்ணெயா?” என்றார். அப்படித்தான் அண்ணே என்றேன்.

போன வருஷத்து இலையின் மெழுகும் டைனோசர் காலத்து உயிரின் எச்சமும் இன்று ஒரே பிடிச் சேற்றில் கிடக்கக்கூடும். ஆற்றில் சேரும் சாம்பலும் தூர்வாரும் இயந்திரமும் அடுக்குகளைக் கலைத்துவிட்டால், எது முன்னே எது பின்னே என்ற வரிசை போய்விடும். அதற்குள் இங்கே ஒரு குழாயை இறக்கி, அடுக்கு குலையாமல் மண்ணை எடுத்து வைத்துவிட வேண்டும்.