பழைய பென்னி எந்திரம்: சீரமைப்பு நாட்குறிப்பு

மார்ச் 2

சுவரில் மாட்டும் 'ஆல்வின்' வகை விளையாட்டு எந்திரம் இன்று மேசைக்கு வந்தது. காசைப் போட்டு விசையைச் சுண்டினால் எஃகுக் குண்டு சுருள் தடத்தில் ஏறிச் சுற்றி, கீழே வரிசையாக உள்ள கிண்ணங்களில் ஒன்றில் விழும். வெற்றிக் கிண்ணத்தில் விழுந்தால் குமிழைத் திருகிக் காசைத் திரும்பப் பெறலாம். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டனின் கடற்கரைக் கேளிக்கைக் கூடங்களில் இவை சாதாரணமாகக் காணப்பட்டவை. இதில் தயாரிப்பாளரின் பெயர்த்தகடு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு திருகுத் துளைகளும், சுற்றிலும் இருப்பதைவிட வெளிர்நிறமான ஒரு நீள்சதுரமும் மட்டுமே எஞ்சியுள்ளன. துணியைக் கையில் எடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் படம்பிடித்தேன். அழுக்கைத் துடைக்கிற அவசரத்தில்தான் பெரும்பாலான அடையாளங்கள் தொலைகின்றன.

மார்ச் 5

காசுத் துளையைச் சுற்றியுள்ள பித்தளைத் தகடு பிற்காலத்தில் வைக்கப்பட்டது என்று தோன்றுகிறது. உட்புறம் இருந்து பார்த்தால், அதன் பின்னே மரத்தில் வெட்டப்பட்ட மூலத் துளை அகலமாக, சுமார் 31 மி.மீ. காசு நுழையும் அளவில் இருக்கிறது. தகட்டின் துளையோ 26 மி.மீ. அளவுக்குக் குறுகியது. பிரிட்டனின் பழைய பென்னிக் காசின் (பன்மையில் பென்ஸ்) விட்டம் ஏறக்குறைய 30.8 மி.மீ., எடை 9.4 கிராம், இப்போதுள்ள 2 பென்ஸ் காசு 25.9 மி.மீ., 7.12 கிராம். 1971 பிப்ரவரி 15 அன்று பவுண்டுக்கு 240 பென்ஸ் என்ற கணக்கு 100 ஆக மாறியது. அந்த ஆண்டிலேயே பழைய பென்னி செல்லாக்காசானது. ஆகவே எந்திரம் அதற்கு முந்தியது. தகடு அதற்குப் பிந்தியது.

காசு விழும் பெட்டியின் மூலையில் இரண்டு காசுகள் கிடைத்தன: ஒன்று 1936ஆம் ஆண்டுப் பென்னி, மற்றொன்று 'நியூ பென்ஸ்' என்று பொறித்த 2 பென்ஸ். முதல் காசைக் காட்டி எந்திரத்துக்கு 1936 என்று வயது சொல்லும் ஆசை எழத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் காசு அந்த ஆண்டுக்கு முன் உள்ளே விழுந்திருக்க முடியாது என்பதைத் தவிர வேறு எதையும் அது நிறுவாது.

மார்ச் 6

திருகுகளின் மரை மெட்ரிக் அல்ல. மரையைச் சோதிக்கும் அளவுத் தகடு 47.5 பாகைக் கோணத்தோடு பொருந்துகிறது. அது பிரிட்டனில் நுண்கருவிகளுக்குப் பயன்பட்ட பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை. ஜெர்மானியத் தயாரிப்பாக இருக்குமோ என்ற ஐயம் இத்துடன் பெருமளவு நீங்கிற்று.

மார்ச் 11

மரப்பெட்டியின் பூச்சு எது என்று அறிய, பின்புற மூலையில் பஞ்சால் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைத்தேன். சிறிது நேரத்தில் பிசுபிசுத்தது, அரக்குப் பூச்சுதான். பாலியூரித்தேனாக இருந்திருந்தால் ஸ்பிரிட்டுக்கு அசைந்திராது. இது நல்ல செய்தி, ஏனெனில் அரக்கின் மேல் புதிய அரக்கைப் பூசினால் பழையது சற்றே இளகி இரண்டும் ஒன்றாகப் பிணையும். சுரண்டி எடுத்து மரத்தை வெள்ளையாக்க வேண்டிய தேவை இல்லை. அப்படி வெள்ளையாக்கியவற்றைப் பார்த்தால் எனக்கு நேற்றுச் செய்த பொருள்போலத்தான் தெரிகிறது. முகப்பில் உள்ள பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதில் உப்புத்தாள் படவே கூடாது.

மார்ச் 17

காசு திருப்பும் பகுதியில்தான் நெடுநேரம் செலவாயிற்று. வெற்றிக் காசுகள் ஒரு குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்க, அடியில் உள்ள தள்ளுதகடு குமிழ் திரும்பும்போது கடைசிக் காசை மட்டும் வெளியே தள்ள வேண்டும். வெளியேறும் இடைவெளி ஒரு காசின் கனத்தைவிடப் பெரிதாகவும் இரண்டின் கனத்தைவிடச் சிறிதாகவும் இருந்தாக வேண்டும். பழைய பென்னியின் கனம் சுமார் 1.65 மி.மீ.; அன்றைய வெண்கல 2 பென்ஸ் 1.85 மி.மீ. அதற்காக அந்த இடைவெளியை யாரோ அரத்தால் அராவி 2 மி.மீ. ஆக்கியிருக்கிறார், குழாய்க்குள் ஒரு தகர உறையும் செருகியிருக்கிறார். 1992 முதல் வரும் செம்புப் பூச்சிட்ட எஃகுக் காசு 2.03 மி.மீ. என்பதால் அது இதில் சிக்கிக்கொள்கிறது. ஆனால் உறையை உருவிவிட்டுப் பென்னிகளை அடுக்கினால் ஒவ்வொன்றாகத் தடையின்றி வருகின்றன. அராவிய இடத்தை நிரப்பத் தேவையே இல்லை.

மார்ச் 23

பித்தளைத் தகட்டைக் கழற்றினேன். உறையோடு சேர்த்து, இரண்டும் எங்கிருந்தவை என்ற குறிப்புடன் பெட்டிக்குள்ளேயே கட்டி வைத்துள்ளேன். 1971இல் நடந்த மாற்றமும் இந்த எந்திரத்தின் வரலாறுதான்; விரும்புகிறவர் மீண்டும் பொருத்திக்கொள்ளலாம். அச்சாணி முனைகளில் கடிகார எண்ணெய் ஒரு துளி மட்டும் விட்டேன். காசு உருளும் பாதைக்கு எண்ணெய் காட்டவில்லை, தூசியை இழுத்துக் களிம்பாக்கிவிடும். குண்டு இப்போது முழுச் சுற்றும் ஓடுகிறது. மீதமிருப்பது பின்கதவுப் பூட்டு. சாவி இல்லாததால் உருளையைக் கழற்றிப் பூட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும்.