பிரேக் மிதித்தால் டெயில் லைட் மங்குகிறதா?

பிரேக்கை மிதித்ததும் டெயில் லைட் மங்கி, இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்கினால் பல்பைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பின் கோளாறுதான். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து வழி தேடுகிறது. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும், மறுமுனையை பாடியில் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, களிம்பும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள்.

இரண்டு பக்கமும் எரியவில்லையா? முதலில் ஃபியூஸ். ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்ப். 21/5 வாட் இரட்டை இழை பல்பின் அடிப்பகுதியில் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் இரு குமிழ்களும் ஒரே உயரத்தில் இருக்காது; மாற்றித் திணித்தால் ஹோல்டர்தான் உடையும். ஹோல்டர் கருகி உருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள், புது பல்ப் மட்டும் தாங்காது.