நாகையிலிருந்து ஒரு ஜெபமாலை

நாகப்பட்டினத்தில் டீ குடித்துவிட்டு மறுபடி நடக்கத் தொடங்கியபோது அதிகாலை 4 மணி. வேளாங்கண்ணிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். முன்னால் மாதா சுரூபம் வைத்த சின்னத் தேர், அதில் ஒரு ஸ்பீக்கர், பின்னால் காவி உடுத்திய எங்கள் கூட்டம். ஆகஸ்ட் 29-ல் கொடியேறினால் செப்டம்பர் 8 திருவிழா வரை அந்தச் சாலை இப்படித்தான்.

ஜெபமாலையில் 53 தடவை ஒரே மந்திரமா என்று சின்ன வயதில் கேட்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அன்றைக்கு அத்தை என் கையில் மைக்கைத் திணித்து, “இந்தத் தடவ நீ சொல்லுப்பா” என்றார்.

சிலுவையைப் பிடித்து விசுவாசப் பிரமாணம், பெரிய மணிக்குப் பரலோக மந்திரம், அடுத்த மூன்று சின்ன மணிகளுக்கு அருள் நிறைந்த மந்திரம், பிறகு திரித்துவப் புகழ். அதுவரை பிசகில்லை. இனி ஐந்து பத்துகள்; ஒவ்வொரு பத்துக்கும் பத்து அருள் நிறைந்த மந்திரம், தியானிக்க இயேசு, மரியாள் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்வு, அதுதான் தேவ இரகசியம். சனிக்கிழமை, அதனால் சந்தோஷ தேவ இரகசியங்கள். திங்களுக்கும் இவைதான். செவ்வாய், வெள்ளி துக்கம். புதன், ஞாயிறு மகிமை. வியாழனுக்கு 2002-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஒளியின் இரகசியங்களைச் சேர்த்தார். அத்தை மட்டும் வியாழனன்று இன்னமும் பழையபடி சந்தோஷத்தையே சொல்வார், யாரும் திருத்துவதில்லை.

முதல் பத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. முழு மந்திரத்தையும் நானே சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறேன். “உன் பாதியோட நிறுத்துப்பா, மீதிய ஜனம் சொல்லட்டும்” என்றார் அத்தை. சரி என்று ‘இயேசுவும் ஆசி பெற்றவரே’ வரை சொல்லி நிறுத்தினேன். “தூய மரியே, இறைவனின் தாயே” என்று பின்னாலிருந்து ஒரே குரலாக வந்தது. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் பத்தடி நடந்து, மூச்சும் சீராகிவிட்டது.

என் பாதி கபிரியேல் தூதரும் எலிசபெத்தும் மரியாளை வாழ்த்திய வார்த்தைகள்; லூக்கா முதல் அதிகாரத்தில் இருக்கிறது. ஜனத்தின் பாதி, பாவிகள் கேட்கிற உதவி. இத்தனை வருடம் இரண்டையும் ஒரே மூச்சில் விழுங்கியிருக்கிறேன். முதல் இரண்டு சந்தோஷ இரகசியங்களும் அந்த இரண்டு வாழ்த்துகளைப் பற்றியவைதான் என்பதும் அந்த இருட்டில்தான் உறைத்தது.

கணக்கு தப்பத்தான் செய்தது. மூன்றாம் பத்தில் எட்டா ஒன்பதா என்று தடுமாறினேன். “விரல நம்பு, வாய நம்பாத” என்றார் அத்தை.

1962-ல் பசிலிக்காவாக உயர்ந்த அந்த வெள்ளைக் கோவில் வாசலை நெருங்கும்போது, எத்தனையாவது ஜெபமாலையோ, அதன் ஐந்தாம் பத்து ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் மூன்று நாள் தேடி, கோவிலில் கண்டுபிடிக்கிற இரகசியம். எங்கள் ஸ்பீக்கரை அமுக்கிக்கொண்டு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: சிவப்புச் சட்டை போட்ட ஆண் குழந்தை, பெற்றோர் உடனே வரவும்.

அத்தை நின்றுவிட்டார். “அந்தப் பிள்ளையோட அம்மாவுக்காக ஒண்ணு கூடச் சொல்லு.”

அந்தப் பத்தில் மட்டும் பதினோரு மந்திரம். அப்புறம் ஜெபமாலையை முடிக்கிற கிருபை தயாபத்து மந்திரத்தைத் தொடங்கினோம்.